தூசியில் பதிந்த செருப்பு



தடய அறிவியல் படிக்கப் போவதாக எழுதியிருந்தாய். மிகவும் மகிழ்ச்சி.

இண்டூரில் ஒரு வீட்டுப் பூட்டை உடைத்துத் திருடினால், போலீஸ் வருவதற்குள் பாதித் தெரு உள்ளே போய் வந்துவிடும். பீரோவைத் தொடாதே என்று அதட்டுபவர்கூடத் தரையை மிதித்துக்கொண்டுதான் நிற்பார். திருடனின் செருப்பு பதித்த செம்மண் தூசித் தடம் அதோடு போயிற்று. எனக்கு இது தீராத ஆதங்கம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், 7 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் நேரில் வரவேண்டும் என்கிறது. வருகிறவருக்குத் தரை மிஞ்ச வேண்டாமா?

தூசித் தடம் நின்று பார்த்தால் தெரியாது. அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து அடி. ஒன்றுமில்லை என்று நினைத்த சிமெண்டுத் தரையில் ஹவாய் செருப்பின் வரிகள் எழும்பும். டார்ச்சைச் சுற்றிக் கொண்டு வா. கிழக்கிலிருந்து தெரியாத வரி தெற்கிலிருந்து தெரியும். உடனே தடத்தை எடுக்கப் பாயாதே. பக்கத்தில் ஸ்கேல் வைத்து, கேமராவை நேர் மேலே ஸ்டாண்டில் நிறுத்திப் படம் பிடி. பிறகு தடம் கெட்டாலும் படம் இருக்கும்.

வழவழப்பான டைல்ஸ் என்றால் தடத்தை ஒட்டி எடுக்கக் கறுப்பு ஜெலட்டின் தாளே போதும். ஜமக்காளம், செய்தித்தாள், சொரசொரப்பான தரை இவற்றில்தான் திண்டாட்டம். அங்கே நிலைமின்சாரம் கைகொடுக்கும். ஒரு பக்கம் கறுப்பும் மறுபக்கம் உலோகப் பூச்சும் கொண்ட மெல்லிய படலத்தை, கறுப்புப் பக்கம் தடத்தின்மேல் படும்படி விரித்து, ஆயிரக்கணக்கான வோல்ட் ஏற்றுவார்கள். தலை வாரிய சீப்பு காகிதத் துணுக்கை இழுப்பதுபோல் தூசி எழும்பிப் படலத்தில் ஒட்டிக்கொள்ளும். உலர்ந்த தூசிக்குத்தான் இது. ஈரக்காலோடு பதிந்து காய்ந்த சேறு வராது. அதற்கு வேறு வழி உண்டு. நம் செம்மண்ணில் இரும்பு இருப்பதால், அமிலம் சேர்த்த பொட்டாசியம் தயோசயனேட் கரைசல் பட்டால் மங்கிய தடம் செம்பழுப்பாகத் துலங்கும். ஆனால் மற்ற எல்லாம் முடிந்த பிறகே அதைத் தெளிக்கவேண்டும்.

எடுத்த படலம் அதன்பிறகும் தூசியை இழுத்துக்கொண்டே இருக்கும். பிளாஸ்டிக் உறையில் போடாதே. சுத்தமான அட்டைப்பெட்டியின் அடியில் ஒட்டி மூடு.

இனி நீதிமன்றம். பிரீத்தம் சிங் என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம், காலடித் தடத்தை மட்டும் பெரிதாக நம்ப முடியாது, மற்ற சான்றுகளோடு சேரும் ஒரு சூழ்நிலையாகக் கொள்ளலாம் என்றது. நியாயமான எச்சரிக்கை. ஒரே அச்சில் வார்த்த செருப்புகள் ஊரெங்கும் நடக்கின்றன. ஆனால் குதிகால் தேய்ந்த சாய்வும், வேலிமுள் கிழித்த கீறலும் ஒவ்வொரு செருப்புக்கும் வேறு. படத்தில் முதலில் அவற்றைத் தேடு.

அன்புடன்,
உன் மாமா