டெக் லைவில் கோப்புத் தேடல் மெதுவானால் எந்த வழி?

டெக் லைவ் அச்சுக்கோப்பு மென்பொருளில் கோப்பைத் தேடித் தரும் வேலை கேபாத்ஸீ என்னும் நிரலகத்துடையது. எல்எஸ்-ஆர் என்ற பட்டியல் கோப்பில் பெயரைப் பார்ப்பது அதன் ஒரு வழி. வட்டில் கோப்புறை கோப்புறையாக நுழைந்து பார்ப்பது இன்னொன்று. தாமதம் பெரும்பாலும் இரண்டாவதில்தான். கேபாத்ஸீ_டீபக் சூழல் மாறிக்கு 32 என்று கொடுத்து ஓட்டினால், எந்தக் கோப்பு எந்தப் பாதையில் தேடப்படுகிறது என்பது திரையில் வரும். எதையும் மாற்றுவதற்கு முன் இதைச் செய்துவிட வேண்டும்.

முதலில் சந்தேகிக்க வேண்டியது டெக்ஸ்இன்புட்ஸ் மாறி. பாதையின் கடைசியில் இரட்டைச் சாய்கோடு போட்டால், அதன் கீழுள்ள எல்லா உட்கோப்புறைகளும் தேடலில் சேரும். ஒரு நூலின் அத்தியாயங்கள் பத்துக் கோப்புறைகளில் கிடந்தால் இது நல்ல வசதி. அதையே ஆவணங்கள் மொத்தமும் உள்ள கோப்புறைக்குக் கொடுத்தால், பழைய புகைப்படங்கள், காப்புப் பிரதிகள் என்று எல்லாவற்றுக்குள்ளும் போய் வரும். அந்தப் பாதை வரிசையில் முன்னால் இருந்தால் ஆர்டிகிள் வகுப்புக் கோப்புக்கும் இதே அலைச்சல். கோப்புறை வலையமைப்பு வட்டில் இருந்தால் சொல்லவே வேண்டாம். சாய்கோட்டை எடுத்துவிட்டுத் தேவையான கோப்புறைகளை மட்டும் பெயர் சொல்லி எழுதுவதே சரியான மருந்து.

சொந்தப் பாணிக் கோப்புகளை வைக்க இரண்டு இடங்கள் உண்டு. பயனரின் வீட்டுக் கோப்புறையிலுள்ள டெக்ஸ்எம்எஃப் மரம் வழக்கமாக நேரடியாக வட்டிலேயே தேடப்படுகிறது. புதுக் கோப்பு உடனே கண்ணில் படும், மரம் பெருத்தால் வேகம் குறையும். டெக்ஸ்எம்எஃப்-லோக்கல் மரத்துக்கு அமைப்புக் கோப்பில் இரட்டை வியப்புக்குறி இருப்பதால் பட்டியல் மட்டுமே பார்க்கப்படும். வேகம் அதிகம்; ஆனால் எம்கேடெக்ஸ்எல்எஸ்ஆர் கட்டளையை ஓட்டாதவரை புதுக் கோப்பு கண்ணெதிரே இருந்தும் “கிடைக்கவில்லை” என்றே வரும். அடிக்கடி மாறாதவை லோக்கலுக்கும், தினமும் திருத்தப்படுபவை நூலின் கோப்புறைக்கும் போவது நல்லது. டெக் லைவுக்குப் பதிலாக மிக்டெக் தொகுப்பைப் பயன்படுத்தினால், அது தனியாக ஒரு பெயர்த் தரவுத்தளம் வைத்திருப்பதால், அங்கே அதைப் புதுப்பிப்பது முதல் வேலை.

படங்களுக்குப் பின்னொட்டு இல்லாமல் பெயர் கொடுத்தால், பாதையிலுள்ள கோப்புறைகளில் பிடிஎஃப், பிஎன்ஜி, ஜேபெக் என்று ஒவ்வொன்றாக முயலும். பின்னொட்டை எழுதிவிட்டால் அந்தச் சுற்று மிச்சம்.

தமிழ் நூலை லுவாலாடெக்கில் கோப்பவர்கள் முதல் ஓட்டத்தில் காத்திருப்பது பெரும்பாலும் வேறு காரணத்தால்: கணினியிலுள்ள எழுத்துருக்களின் பெயர்ப் பட்டியல் அப்போதுதான் கட்டப்படுகிறது. அடுத்த ஓட்டத்தில் இந்தத் தாமதம் இருக்காது. ஒவ்வொரு முறையும் அதே தாமதம் என்றால், எழுத்துருவைக் குடும்பப் பெயரால் அழைக்காமல் கோப்புப் பெயரால் அழைத்துப் பார்க்கலாம்.