அடுத்த ஆண்டு விற்பனையை எக்ஸெல் சொல்லுமா?

டிசம்பர் மாதம் வந்துவிட்டால் சிறு தொழில் செய்பவர்களுக்கு இரண்டு கேள்விகள் எழும். இந்த ஆண்டு எப்படிப் போனது? வரும் ஆண்டு எப்படி இருக்கும்? அம்பத்தூரில் லேத் பட்டறையோ, ஆவடியில் ஸ்டேஷனரி கடையோ நடத்தும் நீங்கள் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தால், எக்ஸெல் தொகுப்பில் இதற்கு ஓரளவு விடை காணலாம். பார்முலா தெரிந்திருக்க வேண்டியதில்லை.

புதிய ஒர்க் ஷீட் ஒன்றைத் திறந்து கொள்ளுங்கள். ஏ நெட்டு வரிசையில் மாதங்களையும், பி நெட்டு வரிசையில் அந்தந்த மாத விற்பனையையும் டைப் செய்யுங்கள். ஜி.எஸ்.டி.யைக் கழித்துவிட்டு எழுதவும். அது அரசுக்குப் போக வேண்டிய பணம்.

இனி விற்பனைத் தொகை உள்ள 12 செல்களையும் செலக்ட் செய்யுங்கள். வலது கீழ் மூலையில் சிறிய சதுரம் ஒன்று தெரியும். அதன் மீது மவுஸ் கர்சரை வைத்தால் கூட்டல் குறியாக மாறும். அப்படியே இடது பட்டனை அழுத்தியபடி கீழே மூன்று செல்கள் இழுத்து விடுங்கள். அடுத்த மூன்று மாதங்களுக்கான கணிப்பு கிடைத்துவிடும்.

எக்ஸெல் இதை எப்படிச் செய்கிறது? உங்கள் எண்களுக்கு நடுவே மிகவும் பொருந்தும் ஒரு நேர்கோட்டைப் போட்டு, அதை நீட்டுகிறது. 4,00,000, 4,60,000, 4,30,000, 4,90,000 என்று நான்கு எண்களைக் கொடுத்து இழுத்துப் பாருங்கள். 5,05,000 என்று வரும்.

இப்போது மூன்றாவது எண்ணை 1,00,000 என மாற்றி மீண்டும் இழுங்கள். விடை 3,40,000 ஆகிவிடும். ஒரே ஒரு மோசமான மாதம் கோட்டையே கீழ்நோக்கித் திருப்பிவிட்டது. 2020 ஏப்ரலில் ஊரடங்கு, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலால் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் புகுந்த வெள்ளம் போன்றவை இத்தகைய மாதங்கள். 2025 செப்டம்பர் 22-ல் வரி குறையும் என்று தெரிந்ததும் பலர் வாகனம் வாங்குவதைத் தள்ளிப் போட்டார்கள். உதிரி பாகம் செய்பவர்களின் கணக்கில் அதுவும் தெரிந்திருக்கும். பொங்கலுக்கு ஆட்கள் ஊருக்குப் போவார்கள் என்பதும் எக்ஸெலுக்குத் தெரியாது.

எனவே, அந்த மாதத்தின் எண்ணை வைத்து ஒரு முறையும், அதற்குப் பதில் சாதாரண மாதத் தொகையைப் போட்டு ஒரு முறையும் கணித்துப் பாருங்கள். சம்பளம், வாடகை, வங்கித் தவணை ஆகியவற்றைக் குறைந்த தொகைக்குள் அடக்கத் திட்டமிடுங்கள்.

விற்பனை ஆனாலும் பணம் கைக்கு வந்ததா? இன்னொரு ஷீட்டில் பாக்கி வைத்துள்ள பார்ட்டியின் பெயர், சரக்கை அவர் ஏற்ற தேதி, தொகை ஆகியவற்றை எழுதி, தேதிப்படி சார்ட் செய்யுங்கள். 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் சட்டப்படி, உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்து மூலம் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இல்லை என்றால் 15 நாட்கள்தான். தாமதமானால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அந்த நாட்களைத் தாண்டியவர்களின் வரிசைக்குச் சிவப்பு நிறம் கொடுங்கள். புத்தாண்டில் முதல் போன் அவர்களுக்குத்தான்.

கடைசியாக ஒன்று. பைலை சேவ் செய்தபின் பென் டிரைவிலும் ஒரு காப்பி எடுத்து வீட்டில் வையுங்கள். சி.பி.யு.வைத் தரையில் வைக்காதீர்கள். வெள்ளம் வந்தாலும் கணக்கு பிழைக்கும்.