ஓட்டுக்கூரையும் ஷீட்டும் சேருமிடத்தில் அனலா?

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்துப் பழைய வீடுகளில் முன்னறைக்குச் சரிவான ஓடு. பின்னால் இழுத்துக் கட்டிய சமையலறைக்குச் சரிவு குறைந்த ஷீட். அனலை வெளியேற்ற:

1. ஓட்டுக்கூரையின் முகட்டருகே காற்றுத் துளையுள்ள ஓடுகளைப் பதியுங்கள். சூடான காற்று உச்சியில்தான் தேங்கும்.

2. ஷீட்டின் மேல்விளிம்பில், சுவரை ஒட்டி இரண்டு விரல் இடைவெளி விட்டு, மேலே தகர மடிப்பு வையுங்கள். நடுச்சுவர் தடுப்பதால் தாழ்ந்த கூரையின் அனல் முகட்டுக்குப் போகாது.

3. கிழக்குப் பக்கம் கூரையின் கீழ்விளிம்பை அடைக்காதீர்கள். கடற்காற்று அவ்வழியே நுழையும்.

4. திறப்புகளுக்கு நைலான் வலை கட்டி, மாதம் ஒருமுறை தட்டுங்கள். இரும்பு வலை உப்புக்காற்றில் துருப்பிடிக்கும். லாரிப் புழுதி எந்த வலையையும் அடைக்கும்.

5. பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் துளை போடாதீர்கள். சுவரில் திறப்பு வையுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் நார்த்தூள் நுரையீரலைக் கெடுக்கும்.

6. அக்டோபர் மழைக்கு முன் தகர மடிப்பின்மேல் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். சரிவு குறைந்த ஷீட்டில், காற்றடித்தால் மழைநீர் எதிர்த்து ஏறும்.

வேலை முடிந்ததும் சமையலறைத் திறப்பருகே ஊதுபத்தி ஏற்றுங்கள். புகை வெளியே போனால் சரி. அங்கேயே சுழன்றால், காற்று நுழையும் வழியை இன்னும் கொஞ்சம் அகலப்படுத்துங்கள்.