வாகனத் திருத்த வேலையும் கையுறைத் தெரிவும்

இப்பாடத்தைக் கற்ற பின்னர் நீங்கள்,
- வாகனத் திருத்த வேலையில் கைக்கு ஏற்படும் ஆபத்துகளை வகைப்படுத்துவீர்கள்.
- ஒவ்வோர் ஆபத்துக்கும் பொருத்தமான கையுறையைக் காரணத்துடன் தெரிவுசெய்வீர்கள்.
- கையுறை அணியக்கூடாத சந்தர்ப்பங்களை இனங்காண்பீர்கள்.

1. அறிமுகம்

மாணவர்களே, வீட்டில் மோட்டார் சைக்கிளுக்கோ காருக்கோ எண்ணெய் மாற்றுதல், சில்லைக் கழற்றிப் பூட்டுதல், பற்றரியைக் கழற்றுதல் போன்ற வேலைகளில் உங்களுட் பலர் பெரியவர்களுக்கு உதவியிருப்பீர்கள். அப்போது "ஏதாவது ஒரு கையுறை போட்டால் போதும்" என்று எண்ணுவது தவறாகும். ஒரு வேலையில் கையைக் காக்கும் கையுறையே வேறொரு வேலையில் கைக்கு ஆபத்தாகலாம். எனவே முதலில் ஆபத்தை இனங்காண வேண்டும். அதன் பின்னரே கையுறையைத் தெரிவுசெய்ய வேண்டும்.

2. ஆபத்தின் வகைகள்

(அ) பொறிமுறை ஆபத்து: வெட்டு, உராய்வு, குத்து, நசிவு.
(ஆ) இரசாயன ஆபத்து: பெற்றோல், டீசல், பழைய எஞ்சின் எண்ணெய், பிறேக் திரவம், பற்றரி அமிலம்.
(இ) வெப்ப ஆபத்து: சூடான எஞ்சின், சைலன்சர், றேடியேற்றர்.
(ஈ) மின் ஆபத்து: குறுஞ்சுற்று, ஹைபிரிட் வாகனங்களின் உயர் அழுத்த மின்.

இவற்றுள் பலரும் கவனிக்காமல் விடுவது பழைய எஞ்சின் எண்ணெயாகும். எஞ்சினுள் எரிதலின்போது உண்டாகும் பல்வளைய அரோமற்றிக் ஐதரோகாபன்கள் அதில் சேர்கின்றன. நீண்டகாலம் மீண்டும் மீண்டும் தோலிற் படுமாயின் தோல் அழற்சியை மட்டுமன்றித் தோற் புற்றுநோயையும் உண்டாக்கக்கூடிய சேர்வைகள் இவற்றுள் அடங்கும். புகைக்கரியிலும் இவ்வகைச் சேர்வைகள் உண்டு. புகைபோக்கி துப்புரவு செய்தவர்களுக்கு ஏற்பட்ட புற்றுநோய்க்குப் புகைக்கரியே காரணம் என்பதை 1775 இல் இங்கிலாந்தின் சத்திரசிகிச்சை நிபுணர் பேர்சிவல் பொற் எடுத்துக்காட்டினார். எண்ணெய் பட்டவுடன் கை நோவதில்லை. ஆதலால் அதில் ஆபத்து இல்லை என்று எண்ணிவிடக்கூடாது.

3. கையுறைப் பொருள்களும் அவற்றின் இயல்புகளும்

*இயற்கை இறப்பர்:* 1876 இல் ஹெனரத்கொடவில் நடப்பட்ட கன்றுகளுடன் இலங்கையில் இறப்பர்ச் செய்கை தொடங்கியது. இன்று இலங்கை இறப்பர்க் கையுறைகளை ஏற்றுமதி செய்யும் நாடாகும். இயற்கை இறப்பர் நன்கு நீளும். நீரையும் ஐதான அமிலத்தையும் தடுக்கும். ஆயினும் இது முனைவற்ற ஐதரோகாபன் பல்பகுதியமாகும். பெற்றோலும் எண்ணெயும் முனைவற்றவையே. "ஒத்தது ஒத்ததிற் கரையும்" என்ற தத்துவத்தின்படி அவை இறப்பரினுள் ஊடுருவி, அதனை வீங்கச் செய்து நலிவாக்கும். சிலருக்கு இயற்கை இறப்பரால் ஒவ்வாமையும் ஏற்படும்.

*நைத்திரைல் இறப்பர்:* இது அக்கிரிலோநைத்திரைல், பியூற்றாடையீன் ஆகியவற்றாலான இணைபல்பகுதியம். இதிலுள்ள முனைவுள்ள நைத்திரைல் கூட்டங்கள் எண்ணெய் ஊடுருவுவதைத் தடுக்கின்றன. எனவே எண்ணெய், கிறீஸ் தொடர்பான வேலைகளுக்கு இதுவே பொருத்தமானது. ஆனால் அசற்றோன் அடங்கிய தின்னருக்கு இது பொருத்தமற்றது.

*தோல்:* உராய்வையும் மிதமான வெப்பத்தையும் தாங்கும். எனினும் எண்ணெயை உறிஞ்சும்.

*பருத்தி நூல்:* விலை மலிவு. சிறு உராய்வைத் தடுக்கும். ஆனால் எண்ணெயை உறிஞ்சித் தோலுடன் ஒட்டி வைத்திருக்கும். எண்ணெயில் நனைந்த பருத்திக் கையுறையுடன் வேலை செய்வது, வெறுங்கையில் எண்ணெய் பட்டவுடன் கழுவுவதைவிடத் தீங்கானது.

4. வேலைக்கேற்ற தெரிவு

- எண்ணெய் மாற்றுதல்: நைத்திரைல். எஞ்சின் சற்று ஆறிய பின்னரே செய்க. மெல்லிய நைத்திரைல் சூட்டைத் தடுக்காது.
- பற்றரி வேலை: நீண்ட மணிக்கட்டுடைய தடித்த இறப்பர் அல்லது நியோப்பிரீன். முழுதாக மின்னேற்றிய ஈய அமிலக் கலத்தின் சல்பூரிக்கமிலத்தின் சாரடர்த்தி ஏறத்தாழ 1.28 ஆகும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் அவசியம்.
- சில்லு கழற்றுதல், கூரான உலோகத் தகடுகளைக் கையாளுதல்: தோல் அல்லது வெட்டுத் தாங்கும் கையுறை.

பொதிமேல் உள்ள குறியீடுகளையும் வாசிக்கப் பழகுக. ஐரோப்பிய நியமங்களில் ஈ.என். 388 பொறிமுறை ஆபத்தையும், ஈ.என். 374 இரசாயன ஆபத்தையும், ஈ.என். 407 வெப்பத்தையும் குறிக்கும். ஈ.என். 388 இல் எண் கூடும்போது தாங்கும் தன்மையும் கூடும். அளவும் முக்கியமானது: பெருவிரல் நீங்கலாக உள்ளங்கையின் சுற்றளவு ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் எனின் 8 ஆம் அளவு பொருந்தும். தளர்ந்த கையுறை பிடியை நழுவச் செய்யும்.

5. கையுறை காப்பாற்றாத இடங்கள்

(i) சுழலும் பாகங்கள்: ஓடும் எஞ்சினின் விசிறி, பட்டி, துளையிடும் பொறி ஆகியவற்றின் அருகே தளர்ந்த கையுறை அணியக்கூடாது. கையுறையின் நுனி சிக்கினால் அது கையையும் சேர்த்து இழுத்துவிடும். எஞ்சினை நிறுத்தி, சாவியைக் கழற்றிய பின்னரே வேலை செய்ய வேண்டும்.

(ii) உயர் அமுக்க டீசல்: நவீன டீசல் எஞ்சின்களில் எரிபொருள் அமுக்கம் 1000 பாரைவிட அதிகமாகும். நுண்ணிய கசிவிலிருந்து வரும் தாரை கையுறையையும் தோலையும் துளைத்து உட்செல்லும். வெளியே ஊசி குத்தியது போன்ற சிறு காயமே தெரியும். நோவும் முதலிற் குறைவாக இருக்கலாம். ஆயினும் உள்ளே இழையங்கள் அழியத் தொடங்கும். வீட்டில் மருந்திட்டுக் காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். கசிவை ஒருபோதும் கையால் தேடக்கூடாது. ஒரு மட்டைத் துண்டைப் பயன்படுத்துக.

(iii) ஹைபிரிட் வாகனம்: செம்மஞ்சள் நிற வடங்கள் உயர் அழுத்த மின்னைக் கொண்டு செல்பவை. சாதாரண நைத்திரைல், இறப்பர், தோல் கையுறைகள் இதற்குப் பாதுகாப்பல்ல. 1000 வோல்ற்று ஆடலோட்டம் வரை பயன்படும் 0 ஆம் வகுப்புக் காவலிக் கையுறைகளைப் பயிற்சி பெற்றவர்களே பயன்படுத்துவர். நீங்கள் அவ்வடங்களைத் தொடக்கூடாது.

(iv) மோதிரம், கைக்கடிகாரம்: கையுறைக்குள் இருந்தாலும் இவற்றைக் கழற்றி வைக்க வேண்டும். கையுறை கிழிந்த நிலையில் மோதிரம் ஸ்பானருக்கும் பற்றரி முனைக்கும் இடையே குறுஞ்சுற்றை ஏற்படுத்தினால், கணப்பொழுதிற் சூடாகி விரலைச் சுற்றி எரிகாயத்தை உண்டாக்கும்.

6. வேலை முடிந்த பின்னர்

கையுறையின் வெளிப்பக்கம் தோலிற் படாதவாறு உட்புறம் வெளியே வரக் கழற்றுக. ஒருமுறை பயன்படுத்தும் கையுறையை மீண்டும் அணியாதீர்கள். கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக. பெற்றோலாலோ மண்ணெண்ணெயாலோ கழுவுதல் கூடாது. அவை தோலின் இயற்கை எண்ணெயை நீக்கித் தோலை வெடிக்கச் செய்யும். எண்ணெய் தோய்ந்த துணியைக் காற்சட்டைப் பையில் வைத்திருப்பதும் தவறாகும்.

நினைவிற் கொள்க: கையுறை இறுதிப் பாதுகாப்பே ஆகும். எஞ்சினை நிறுத்துதல், ஆறவிடுதல், பற்றரியின் மறை முனையை முதலிற் கழற்றுதல் என்பன அதற்கு முந்தியவை.

மாதிரி வினா

எண்ணெய் மாற்றும்போது ஒரு மாணவன் பருத்தி நூற் கையுறை அணிகின்றான். பின்னர் அதே கையுறையுடன் துளையிடும் பொறியை இயக்குகின்றான்.
(1) அவன் விட்ட தவறுகள் இரண்டு தருக.
(2) ஒவ்வொன்றுக்கும் காரணமும் திருத்தமும் எழுதுக.

விடைக் குறிப்பு

(1) எண்ணெயை உறிஞ்சும் கையுறையை அணிந்தமை. சுழலும் பொறியைக் கையுறையுடன் இயக்கியமை.
(2) பருத்தி எண்ணெயைத் தோலுடன் ஒட்டி வைத்திருக்கும். நைத்திரைல் அணிய வேண்டும். கையுறை துளையலகிற் சிக்கிக் கையை இழுக்கும். கையுறையைக் கழற்றி, துளையிடும் பொருளைப் பிடிகருவியில் இறுக்க வேண்டும்.

"பாதுகாப்புக் கையுறை அணிய வேண்டும்" என்று மட்டும் எழுதுவது முழுமையான விடையாகாது. ஆபத்து, கையுறைப் பொருள், காரணம் ஆகிய மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். வேலை செய்யும் இடத்திலும் இதே மூன்றையும் உங்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.