எழுதியவர் சொன்னது யாது?

மருத்துவக் கல்வியை நாடும் மாணவன் ஒருவனை நோக்கி, "எப்பாடம் உனக்கு அச்சம் தருகிறது?" என்று வினவினால், இரசாயனம் என்றோ பௌதிகம் என்றோ அவன் விடை கூறுவான் என எதிர்பார்ப்போம். அமெரிக்காவிலும் கனடாவிலும் பலர் கூறும் விடை வேறு. அங்கு மருத்துவக் கல்லூரியிற் சேர விரும்புவோர் எம்கேட் என்னும் நுழைவுத் தேர்வை எழுதுகின்றனர். அத்தேர்வு நான்கு பிரிவுகளை உடையது. அவற்றுள் ஒரு பிரிவில் மருந்தைப் பற்றியோ உடலுறுப்பைப் பற்றியோ வினா ஒன்றும் இராது. 9 உரைப்பகுதிகள் தரப்படும். அவற்றைப் படித்து 90 நிமிடங்களில் 53 வினாக்களுக்கு விடை அளித்தல் வேண்டும். ஓவியம், இசை, தத்துவம், வரலாறு, பொருளாதாரம் முதலிய துறைகளிலிருந்து அவ்வுரைப்பகுதிகள் எடுக்கப்படுகின்றன. பல மாதங்கள் அறிவியல் நூல்களை உருப்போட்டவர்கள் இப்பிரிவைக் கண்டு கலங்குகின்றனர்.

மருத்துவனுக்கு இத்தகைய சோதனை எதற்கு என்று சிலர் நகைக்கலாம். 1928ஆம் ஆண்டில் மாஸ் என்பாரும் அவருடைய துணைவரும் இத்தேர்வின் முதல் வடிவத்தை அமைத்தனர். கல்லூரியிற் சேர்ந்து இடையே நின்றுவிடுவோர் அந்நாளில் மிகுதியாக இருந்தமையே அதற்குக் காரணம். தேர்வு பல முறை மாற்றி அமைக்கப்பட்டது. 2015ஆம் ஆண்டின் மாற்றத்திற்குப் பின், படிப்புப் பிரிவில் இயற்கை அறிவியல் பற்றிய உரைப்பகுதிகள் அறவே நீக்கப்பட்டன. அதாவது, மாணவன் முன்பே அறிந்திருப்பதை அளப்பது அப்பிரிவின் நோக்கமன்று. புதியதொன்றைப் பிறர் கூறும்போது அதை உள்ளவாறே உணர்கின்றானா என்பதை அளப்பதே நோக்கம்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். கீழ்வரும் சிறு பகுதி இப்பாடத்திற்கென அமைக்கப்பட்டது.

"மலையூர் மக்கள் திருவிழாவில் அணிந்து ஆடிய மரமுகமூடி இன்று நகரத்துப் பொருட்காட்சிச் சாலையில் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கிறது. அதன் வண்ணம் மங்காதவாறு அறிஞர்கள் பேணுகின்றனர். ஆயினும், ஆடுவார் இன்றி நிற்கும் முகமூடியை முழுமையாகக் காக்கப்பட்டது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை."

ஆசிரியர் கருத்து யாது? பொருட்காட்சிச் சாலைகளை மூடிவிட வேண்டும் என்பது ஒரு விடை. அச்சாலைகள் இல்லாவிடின் பழம்பொருள்கள் அழிந்துபோம் என்பது மற்றொன்று. பொருளைக் காப்பது மட்டும் மரபைக் காப்பதாகாது என்பது மூன்றாவது. இரண்டாம் விடை உலகில் உண்மையாக இருக்கலாம். ஆனால் ஆசிரியர் அதைச் சொல்லவில்லை. முதல் விடையைத் தேர்பவன் ஆசிரியரின் மனக்குறையைக் கண்டான். அதன் அளவைக் காணவில்லை. 'முழுமையாக' என்ற ஒரு சொல், பேணுதலில் ஓரளவு பயன் உண்டு என்று அவர் ஒப்புக்கொள்வதைக் காட்டுகிறது. மூன்றாம் விடையே பொருந்தும்.

பெரும்பான்மையோர் இங்கேதான் தவறுகின்றனர். வரலாறு கற்றவன் வரலாற்றுப் பகுதியைக் கண்டதும் தன் நினைவிலிருந்தே விடையை எழுதிவிடுகிறான். கற்றதே அவனுக்குத் தடையாகிறது! மருத்துவமனையிலும் இக்குறை நேரும். நோயாளி, "வயிற்றில் வலி உண்டு, ஆயினும் உணவு உண்டபின் குறைகிறது" என்கிறாள். முற்பாதியைக் கேட்டவுடன் மருந்தின் பெயரை எழுதத் தொடங்கும் மருத்துவன், நோயைச் சுட்டும் பிற்பாதியை இழந்துவிடுகிறான்.

ஆதலின் இப்பிரிவுக்கு ஆயத்தம் செய்வோர் நாள்தோறும் தமக்குப் பழக்கமில்லாத துறையில் ஒரு கட்டுரையைப் படித்தல் வேண்டும். படித்தபின் ஏட்டை மூடிவிட்டு, ஆசிரியர் நிலைநாட்டக் கருதியதை ஒரே வாக்கியத்தில் எழுதுக. 'ஆயினும்', 'ஒருவேளை', 'சிலர் கூறுவர்' என்னும் சொற்கள் வருமிடத்தில் நின்று செல்க. பிறர் கொள்கையை மறுப்பதற்காக எடுத்துக் கூறும் ஆசிரியரை, அக்கொள்கையே உடையவர் என மயங்குவோர் பலர். ஓர் உரைப்பகுதிக்கு 10 நிமிடமே கிடைக்கும் என்பது மெய்தான். எனினும், தொடக்கத்திலேயே கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொள்வது தீய பழக்கத்தை விரைவாகச் செய்யவே கற்பிக்கும். சில வாரங்கள் சென்றபின் வைத்துக்கொள்ளலாம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை. ஆகவே எவ்வினாவையும் விடையின்றி விடுதல் கூடாது. தவறிய வினாக்களுக்குத் தனிக் குறிப்பேடு ஒன்று இருக்கட்டும். சரியான விடை இன்னது என்று மட்டும் குறித்தல் போதாது; தவறான விடை ஏன் தன்னைக் கவர்ந்தது என்பதையும் அதில் எழுதுக. இது சலிப்பூட்டும் வேலை, பலர் செய்வதில்லை.

வினாக்களுள் நூற்றுக்கு 40 அளவில் உள்ளவை, படித்ததைப் புதிய நிலைமையோடு பொருத்திக் காணச் சொல்பவை. அத்தகைய ஒன்று இது: மலையூர் மக்கள் ஆண்டுக்கொருமுறை அம்முகமூடியைப் பெற்றுச் சென்று, அணிந்து ஆடியபின் திருப்பித் தருகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் தம் கருத்தைக் கைவிடுவாரா, அன்றித் தம் கருத்துக்கு அதனைச் சான்றாகக் காட்டுவாரா? விடை எழுதுமுன் அப்பகுதியின் மூன்றாம் வாக்கியத்தை மீண்டும் ஒருமுறை படியுங்கள்.