டேஷ்போர்டுச் சத்தமும் வாரண்டியும்

புது வண்டியின் டேஷ்போர்டுக்குள்ளிருந்து கிறீச்சென்றோ கடகடவென்றோ எழும் சத்தத்தைப் பற்றித் தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர் வட்டாரங்களில் வழங்கிவரும் அபிப்பிராயங்கள் பல. அவற்றுள் பெரும்பாலானவை சர்வீஸ் கவுன்டரில் பிறந்து, அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கார் நிறுத்துமிடங்களில் வளர்ந்து, கடைசியில் வேதவாக்காகவே நிலைபெற்றுவிடுகின்றன.

அவற்றுள் தலையானது, ‘இந்த மாடலில் எல்லா வண்டியிலும் இருக்கும் சார், இதெல்லாம் வாரண்டியில் வராது’ என்பது. இதில் பாதி உண்மை உண்டு. அந்தப் பாதிதான் நம்மை ஏமாற்றுகிறது. பொருளிலோ பொருத்திய வேலையிலோ குறை இருந்தால் இலவசமாகச் சரிசெய்து தருவோம் என்று வாக்களிக்கும் வாரண்டிப் புத்தகமே, சில பக்கங்கள் தள்ளி, வண்டியின் இயக்கத்தைப் பாதிக்காத சாதாரண ஒலியும் அதிர்வும் தன் பொறுப்பல்ல என்று விலக்கும் அளித்துக்கொள்கிறது. சர்வீஸ் அட்வைசர் எடுத்துக்காட்டுவது அந்த விலக்கைத்தான். ஆனால் எது சாதாரணம் என்பதை அவருடைய வாய்ச்சொல் தீர்மானிக்க வேண்டியதில்லை. ஷோரூமில் அதே மாடலில் டெஸ்ட் டிரைவ் வண்டி ஒன்று நிற்கும். அதை நம் வண்டி சத்தமிட்ட அதே சாலையில், அதே வேகத்தில் ஓட்டிப் பார்க்கலாம் என்று கேட்பதில் தவறேதுமில்லை. அந்த வண்டி மௌனமாக வந்து நம் வண்டி மட்டும் முனகுமாயின், விலக்கு என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. சரியாக மாட்டப்படாத ஒரு கிளிப் பொருத்திய வேலையில் உள்ள குறையே அன்றி வேறென்ன?

அட்வைசர் தயங்குவதற்கு வேறொரு காரணம் உண்டு. அதை அறிந்துகொண்டால் அவர்மீது கோபம் சற்றுத் தணியும். வாரண்டி வேலைக்கான கூலியை டீலருக்குத் தருவது கம்பெனி. இன்ன வேலைக்கு இத்தனை நேரம் என்று முன்கூட்டியே வகுத்து வைத்த கணக்கின்படிதான் அது தருகிறது. பழுதான பாகத்தைக் கழற்றிக் காட்டிவிட்டால் கணக்கு நேராகிவிடும். சத்தத்தைத் தேடுவதிலோ ஒரு மெக்கானிக்கின் அரைநாள் போய்விடும். முடிவில் காட்டுவதற்கு இருப்பது இரண்டு அங்குல ஃபெல்ட் டேப்பாக இருக்கலாம். ஆகவே ‘நார்மல் சார்’ என்ற பதில் பல சமயங்களில் யந்திர சாஸ்திரத்தைவிடக் கணக்குப் புத்தகத்தையே சார்ந்தது.

சத்தம் கேட்கும் இடத்தில்தான் கோளாறு என்பது அடுத்த நம்பிக்கை. டேஷ்போர்டு பல பிளாஸ்டிக் துண்டுகளை ஓர் இரும்புச் சட்டத்தின்மேல் கிளிப்புகளாலும் திருகுகளாலும் பூட்டிய அமைப்பு. ஒரு மூலையில் எழும் ஒலி அதன் வழியே ஓடி மறு மூலையில் கேட்பது சகஜம். கிறீச்சென்ற ஒலி, இரண்டு பரப்புகள் ஒட்டிக்கொண்டும் சறுக்கியும் உராய்வதால் வருவது. கடகட ஒலி, தளர்ந்த பொருள் மற்றொன்றின்மேல் மோதுவதால் வருவது. முன்னதற்கு ஃபெல்ட் டேப்போ தகுந்த கிரீஸோ போதும். பின்னதற்கு இறுக்கவோ கிளிப்பை மாற்றவோ வேண்டும். விவரம் அறிந்த மெக்கானிக் பக்கத்து இருக்கையில் அமர்ந்து, முடிச்சூர் சாலையின் மேடுபள்ளங்களில் வண்டி மெல்ல ஏறி இறங்கும்போது உள்ளங்கையால் டேஷ்போர்டை ஓரமாக அழுத்திக்கொண்டே வருவார். ஓர் இடத்தில் அழுத்தியதும் சத்தம் சட்டென்று நின்றால், முன்கண்ணாடித் தூணின் உறையை நெம்பி எடுத்து, உள்ளே நாக்கு உடைந்த கிளிப்பையோ, கட்டு அவிழ்ந்து பிளாஸ்டிக்கைத் தட்டிக்கொண்டிருக்கும் ஒயர் கற்றையையோ காட்டுவார். சில சமயம் குற்றவாளி வெளியே, வைப்பரின் கீழுள்ள பிளாஸ்டிக் மூடியாகவும் இருப்பதுண்டு. நம் வீட்டுப் பொருள்களே குற்றவாளிகளாவதும் உண்டு; கிளவ் பாக்ஸிலுள்ள சில்லறை, மூக்குக்கண்ணாடிப் பெட்டி, பசை விட்டுப்போன டேஷ்போர்டுப் பிள்ளையார் அனைத்தையும் முதலில் இறக்கிவைத்துவிட்டுச் சர்வீஸுக்குப் போவது மானத்தைக் காக்கும்.

‘வண்டியை விட்டுவிட்டு வந்தால் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்’ என்பாரும் உளர். வெயிலில் நின்ற வண்டியின் டேஷ்போர்டு 70 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சென்னைக் கோடையில் அரிதன்று. பிளாஸ்டிக்கோ இரும்பைக் காட்டிலும் பல மடங்கு விரிவது. இந்த உஷ்ணத்தில் பிற்பகல் மூன்று மணிக்கு அலறும் டேஷ்போர்டு, இரவெல்லாம் குளிர்ந்து காலை ஒன்பது மணிக்குச் சர்வீஸ் வாசலில் நிற்கும்போது சாதுவாகிவிடுகிறது. சாலையும் அப்படித்தான்: பெருங்களத்தூரிலிருந்து மதுரவாயல் பைபாஸில் சீராக ஓடும்போது வாய் திறவாத வண்டி, அகரம்தென் பக்கத்துச் சந்தொன்றில் இருபது கிலோமீட்டர் வேகத்தில் பேசத் தொடங்கும். ஆகவே எந்த வேகம், எந்த வேளை, ஏ.சி. ஓடியதா, எவ்வகைச் சாலை என்பதைக் குறித்துக்கொண்டு, பக்கத்தில் அமர்ந்தவரைக் கொண்டு ஒலியைப் பதிவுசெய்து, மெக்கானிக்கை உடன் ஏற்றிக்கொண்டு அந்தச் சந்துக்கே போவதுதான் உபாயம்.

வாயால் சொன்னது போதும் என்ற எண்ணம்தான் இவை எல்லாவற்றிலும் அதிக நஷ்டம் விளைவிப்பது. நாம் பத்து நிமிஷம் விவரித்த குறை, ஜாப் கார்டில் ‘பொதுச் சோதனை’ என்று சுருங்கிவிடுமானால், பிற்பாடு எவரும் அதை ஒப்புக்கொள்ளப்போவதில்லை. ‘மேடுபள்ளத்தில் இடப்பக்க டேஷ்போர்டில் கடகட ஒலி’ என்று எழுதச் செய்து, படித்துப் பார்த்தே கையெழுத்திட வேண்டும். ‘குறை தென்படவில்லை’ என்று அவர்கள் எழுதித் தந்தாலும் அந்தத் தாளைப் பத்திரப்படுத்த வேண்டும். வாரண்டி முடிந்தபின் போனால் ஒன்றும் நடக்காது என்று சோர்ந்துபோகிறவர்களும், காலக்கெடுவுக்குள் பதிவாகித் தீராமலே கிடக்கும் குறையானால், முதற்பதிவின் தேதியைக் காட்டி வாதாடலாம். அப்படியும் மறுத்தால், கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு எழுதி, ஏரியா சர்வீஸ் மேனேஜர் வண்டியை நேரில் பார்க்க வேண்டும் என்று கேட்பதே என் மதிப்பில் பலன் மிகுந்த வழி.

வெளி மெக்கானிக் கைவைத்தால் வாரண்டி முழுவதும் போய்விடும் என்ற பயத்துக்கு முழு ஆதாரம் இல்லை. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்கு எதிராக வழங்கிய உத்தரவு, தனிப் பட்டறைக்குப் போன ஒரே காரணத்துக்காக வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்துசெய்யும் நிபந்தனை கூடாது என்றது. அது பின்னர் மேல்முறையீடுகளுக்குச் சென்றது. இருப்பினும் கேமராவுக்காகவோ ஸ்டீரியோவுக்காகவோ மூல ஒயரை வெட்டி ஒட்டியவர், அதனால் நேர்ந்த கோளாற்றுக்குக் கம்பெனியைக் கேட்பது நியாயமாகாது.

தொழிற்சாலை மூடினால் வாரண்டியும் மூடிவிடும் என்று 2021-இல் நம் பகுதியில் பலர் கலங்கினர். மறைமலை நகரில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்த ஃபோர்டு, சர்வீஸும் உதிரிபாகமும் வாரண்டியும் தொடரும் என்று அப்போதே கூறியிருந்தது.

‘கோர்ட்டுக்குப் போனால் புது வண்டியே கிடைக்கும்’ என்பது எதிர்த்திசையில் ஓடும் மயக்கம். 2006-இல் கிளட்ச் பழுது பற்றிய மாருதி உத்யோக் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம், பழுதான பாகத்தை மாற்றித் தருவதே வாரண்டியின் கடமை, அதற்காக வண்டியையே மாற்ற வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தது. கிளட்ச் பழுதுக்கே அவ்வளவுதான் என்றால் டேஷ்போர்டு முனகலுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனினும் 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஷோரூம் எங்கிருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே, தாம்பரத்தாராயின் செங்கல்பட்டு மாவட்ட ஆணையத்திலேயே, இரண்டு வருஷங்களுக்குள் முறையிடலாம். அதற்கு முன்படியாக 1915 என்ற தேசிய உதவி எண் உண்டு.

டேஷ்போர்டை ஒருமுறை கழற்றினால் பழையபடி பொருந்தாது என்று அஞ்சுவோர் பக்கம் மட்டும் நானும் சிறிது சாய்கிறேன். கிளிப்புகள் பலவும் ஒருமுறை நெம்பினால் பிடிப்பை இழப்பவை. பழையதையே அழுத்திவிட்டால் ஒரு சத்தம் போய் வேறொன்று வரும். முழு டேஷ்போர்டையும் இறக்குவது கடைசிப் பட்சமாக இருக்கட்டும். நெம்பிய இடங்களுக்குப் புதுக் கிளிப் போடச் சொல்லி, அதையும் ஜாப் கார்டில் எழுதச் செய்து, சாவியை வாங்குமுன் அதே மெக்கானிக்கை ஏற்றிக்கொண்டு அதே சாலையில், கூடுமானால் வெயில் வேளையில், மறுபடியும் ஒரு சுற்று போய்வர வேண்டும்.