கணினிக்கு மணி சொல்பவர் யார்?

சில வருடங்களுக்கு முன் என் தாத்தாவின் உயர்தரப் பெறுபேறு வந்திருந்தது. பல்கலைக்கழக அனுமதிக்கு இணையத்தில் விண்ணப்பிக்கவேண்டும். தபாலில் வரவேண்டிய ஒரு கடிதத்துக்காகக் காத்திருந்து காத்திருந்து, கடைசி நாளும் வந்துவிட்டது. வீட்டில் கணினி இல்லாததால் அவளும் நானும் உம்மாவும் டவுனில் ஒரு கொமியுனிகேஷன் கடைக்குப் போனோம். இருந்த மூன்று கணினிகளில் ஒன்றுதான் காலி. அதில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் "இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்ற அறிவிப்பே வந்தது. கடைக்கார நானா இணையம் பழுது என்று நினைத்து ரவுட்டரை இரண்டு தடவை அணைத்துப் போட்டார். உம்மா ஸலவாத்து ஓதத் தொடங்கிவிட்டார்.

பக்கத்துக் கணினியில் இருந்த ஒரு மாணவிதான் எட்டிப் பார்த்துவிட்டுத் திரையின் மூலையைக் காட்டினார். திகதி 2012 ஜனவரி 1. அதைத் திருத்தியதும் பக்கம் திறந்தது. விண்ணப்பமும் போனது.

பாதுகாப்பான இணையத்தளம் ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளச் சான்றிதழ் உண்டு. அதில் "இன்ன நாளிலிருந்து இன்ன நாள்வரை செல்லும்" என்று எழுதியிருக்கும். 2012 என்று நம்பிக்கொண்டிருக்கும் கணினிக்கு, இவ்வருடம் வழங்கிய சான்றிதழ் இன்னும் பிறக்காத பிள்ளையின் அடையாள அட்டை மாதிரி. அது கதவைச் சாத்திவிடுகிறது. தவறு இணையத்திலில்லை. கணினிக்குள் இருக்கும் காசளவு பெற்றரி தீர்ந்துபோனதால் அதற்குத் திகதி மறந்துவிட்டது, அவ்வளவுதான். இப்போது தகவல் தொழினுட்பத்தை ஒரு பாடமாகப் படிக்கும்போது, அன்று எனக்குத் தோன்றிய கேள்வியைத் தேடிப் படித்தேன். கணினிக்குச் சரியான நேரத்தை யார் சொல்கிறார்?

கணினிக்குள்ளே இருப்பதும் நம் கைக்கடிகாரத்தில் இருப்பதைப்போன்ற ஒரு குவார்ட்ஸ் பளிங்குத் துண்டுதான். அது செக்கனுக்கு 32,768 தடவை அதிர்கிறது. அந்த எண்ணிக்கையில் பத்து இலட்சத்துக்கு 20 பிசகினாலும் ஒரு நாளைக்கு 1.7 செக்கன் முந்தும் அல்லது பிந்தும். ஒரு மாதத்தில் அது ஏறக்குறைய 50 செக்கன். வெப்பநிலை மாறினாலும் அதிர்வு மாறும். ஆகவே ஒரு கூடத்தில் இருபது கணினிகளை ஒரே நேரத்துக்கு வைத்துவிட்டு, ஒரு தவணை கழித்துப் பார்த்தால் இருபதும் இருபது நேரம் காட்டும்.

இதற்குத் தீர்வாக வந்ததுதான் "வலையமைப்பு நேர நெறிமுறை". ஆங்கில எழுத்துகளில் என்.டி.பி. என்பார்கள். அமெரிக்காவின் டெலவெயார் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் மில்ஸ் இதை வடிவமைத்தார். முதல் முறையான ஆவணம் 1985இல் வெளிவந்தது. இப்போது பாவனையிலுள்ள நான்காம் பதிப்பு 2010இல் எழுதப்பட்டது. பிறவியிலேயே கண்ணில் நீரழுத்த நோயோடு பிறந்தவர் மில்ஸ். கடைசிக் காலத்தில் பார்வையை முற்றாக இழந்த பின்னரும் வேலையை விடவில்லை. 2024 ஜனவரி 17ஆம் திகதி காலமானார். உலகத்துக்கே நேரம் சொல்லிக்கொடுத்த அந்த மென்பொருளை அவர் விலைக்கு விற்கவில்லை. நிரலை யாரும் வாசிக்கலாம், திருத்தலாம், இலவசமாகப் பாவிக்கலாம். திறந்த மூல மென்பொருள் என்பது இதுதான்.

இது எப்படி வேலை செய்கிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. "இப்போது மணி என்ன?" என்று கேட்டுப் பதிலை வாங்கினால் போதாதா என்று நினைக்கலாம். பதில் வந்துசேரும்போது அந்த நேரம் பழசாகிவிடும். வழியில் எவ்வளவு நேரம் கழிந்தது என்பதும் தெரியாது. இதை ஒரு பஸ் பயணமாக எண்ணிப் பாருங்கள்.

கண்டியில் என் கடிகாரம் 8.00 காட்டும்போது நானாவை ஹோமாகமவுக்கு அனுப்புகிறேன். அவர் அங்கே இறங்கும்போது அங்குள்ள கடிகாரத்தில் மணி 11.20. அரை மணிநேரம் இருந்துவிட்டு அங்குள்ள நேரப்படி 11.50க்குப் புறப்படுகிறார். வீட்டுக்கு வரும்போது என் கடிகாரத்தில் பிற்பகல் 2.50. என் கணக்கில் அவர் வெளியே இருந்தது 6 மணி 50 நிமிடம். அங்கே தங்கிய 30 நிமிடத்தைக் கழித்தால், பஸ்ஸில் கழிந்தது 6 மணி 20 நிமிடம். போகவும் வரவும் ஒரே அளவு என்றால் ஒரு வழிக்கு 3 மணி 10 நிமிடம். அப்படியானால் அவர் ஹோமாகமவில் இறங்கியபோது என் கடிகாரம் 11.10 காட்டியிருக்கும். அங்கோ 11.20. என் கடிகாரம் 10 நிமிடம் பிந்தியிருக்கிறது! இரு கடிகாரங்களையும் அருகருகே வைத்துப் பார்க்காமலே பிழையைக் கண்டுபிடித்துவிட்டோம். கணினியும் இதே நான்கு நேரங்களைக் குறித்துத்தான் கணக்கிடுகிறது. மணித்தியாலங்களுக்குப் பதிலாக மில்லிசெக்கன்கள்.

ஹோமாகமவை நான் சும்மா சொல்லவில்லை. இலங்கையின் நியம நேரத்தைப் பேணும் அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களம் அங்கே பிட்டிபனையில்தான் இருக்கிறது.

இந்தக் கணக்கில் ஒரு ஓட்டையும் உண்டு. கண்டி பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது உடனே விளங்கும். கடுகண்ணாவை இறக்கத்தில் போகும் வேகத்தில் ஏற்றத்தில் வரமுடியாது. போக 3 மணியும் வர 3 மணி 20 நிமிடமும் எடுத்திருந்தால் நம் விடையில் 10 நிமிடம் பிழை. அப்போது என் கடிகாரம் பிந்தியது 10 நிமிடமல்ல, 20 நிமிடம். இருவழிப் பயணத்தின் மொத்த நேரத்தை மட்டும் வைத்து இந்தப் பிழையை அறியவே முடியாது. பிழை அதிகபட்சம் மொத்தப் பயண நேரத்தில் பாதிவரை போகலாம். அதனால்தான் மென்பொருள் தூரத்து மூலத்தைவிடக் கிட்டிய மூலத்தை விரும்புகிறது. ஒரே ஒருவரிடம் மட்டும் கேட்காமல் நாலைந்து பேரிடம் கேட்டு, மற்றவர்களோடு ஒத்துப்போகாதவரை ஒதுக்கியும் வைக்கிறது.

அந்த மூலங்களும் படிப்படியாக அமைந்தவை. அடியில் அணுக் கடிகாரமும் ஜி.பி.எஸ். செய்மதிகளும் உண்டு. அவற்றோடு நேரடியாக இணைந்த சேவையகம் முதற்படி. அதனிடம் கேட்பது இரண்டாம் படி. இப்படியே 15 படிவரை போகலாம். 2003இல் தொடங்கிய ஒரு பொதுக் குளத்தில், பல நாடுகளிலுமுள்ள தொண்டர்கள் தங்கள் சேவையகங்களை யாரும் நேரம் கேட்கலாம் என்று திறந்து வைத்திருக்கிறார்கள்.

பிழை தெரிந்ததும் கடிகாரத்தைச் சட்டென்று பின்னே தள்ளலாமா? கூடாது. 10.05க்குச் சேமித்த கோப்புக்குப் பின் 10.03 வந்தால், எது புதியது எது பழையது என்று கணினி குழம்பிப்போகும். சிறிய பிழையென்றால் கடிகாரத்தைக் கொஞ்சம் மெதுவாக அல்லது கொஞ்சம் வேகமாக ஓடவிட்டு ஆறுதலாகச் சரிசெய்கிறது. மில்ஸின் மென்பொருளில் இந்த எல்லை 128 மில்லிசெக்கன். அதற்கு மேலே என்றால்தான் ஒரேயடியாக மாற்றும். 1000 செக்கனுக்கு மேல் வித்தியாசம் இருந்தால், "இதில் ஏதோ கோளாறு" என்று நின்றே விடும். கடையில் இருந்ததுபோலப் பல வருட வித்தியாசத்தைச் சாதாரண அமைப்பில் அது தொடாது என்பதையும் சொல்லவேண்டும். மனிதக் கை வேண்டும், அல்லது தொடக்கத்தில் ஒரு முறை தாவ அனுமதி கொடுத்திருக்கவேண்டும்.

இதே வேலையைச் செய்யும் இன்னொரு திறந்த மூல மென்பொருள் குரோனி. ரிச்சர்ட் கர்னோ எழுதத் தொடங்கியது. இப்போது மிரோஸ்லாவ் லிச்வார் பராமரிக்கிறார். நம் நாட்டுக்கு இதுவே பொருத்தம் என்பது என் கருத்து. இணையம் விட்டுவிட்டு வரும் கணினிகளையும் மனதில் வைத்து இது எழுதப்பட்டிருக்கிறது. உங்கள் கணினியின் பளிங்கு ஒரு நாளைக்கு எவ்வளவு பிசகுகிறது என்பதைக் கற்றுக் கோப்பில் எழுதிவைத்துக்கொள்ளும். இணையம் இல்லாத நேரத்திலும் அந்தக் கணக்கைக் கொண்டு திருத்திக்கொண்டே இருக்கும். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டுவரை பார்த்த நமக்கு இதன் அருமை தெரியும்.

எங்கள் கணினிக்கூடத்தில் லினக்ஸ் இயங்கும் ஒரு பழைய கணினியில் டீச்சரின் அனுமதியோடு இதை நிறுவிப் பார்த்தேன். வெளியிலிருந்து அது நேரம் எடுக்க, மற்றக் கணினிகள் அதனிடம் கேட்கின்றன. எல்லாரும் வெளியே போய்க் கேட்டு இணையத்தைச் செலவழிக்கத் தேவையில்லை. நிறுவியபோது அந்தக் கணினி 41 செக்கன் பிந்தியிருந்தது. அடுத்த நாள் பார்க்கையில் பிழை ஒரு சில மில்லிசெக்கன்தான். இரண்டு கணினிகள் மட்டும் ஒவ்வொரு காலையும் பழைய வருடத்துக்கே போய்க்கொண்டிருந்தன. அவற்றுக்குப் புதிய பெற்றரி போடவேண்டியிருந்தது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்கவேண்டும். இந்த நெறிமுறை கொண்டுவருவது உலகப் பொது நேரத்தை மட்டுமே. கண்டியில் அதை 5 மணி 30 நிமிடம் கூட்டிக் காட்டவேண்டும் என்பதை அது சொல்வதில்லை. அந்தக் கூட்டலை வேறொரு திறந்த தரவுத்தளம் வைத்திருக்கிறது. அதில் இலங்கைக்கான பக்கம் நம் வீட்டுப் பெரியவர்களின் ஞாபகத்தைப் போலவே இருக்கிறது.

1996 மே 25ஆம் திகதி, மின்சாரத்தை மிச்சப்படுத்த நாட்டின் கடிகாரங்கள் ஒரு மணிநேரம் முன்னே தள்ளப்பட்டன. அவ்வருடம் ஒக்டோபரில் அரை மணிநேரம் பின்னே வந்தது. 2006 ஏப்ரல் 15ஆம் திகதிதான் பழையபடி 5.30க்குத் திரும்பினோம். அந்தப் பத்து வருடமும் சூரியன் தன் பாட்டில் உதித்தது. மாறியது கடிகாரத்தின் எண் மட்டுமே. அதனால் தொழுகை நேர அட்டவணைகளைத் திருப்பி எழுதவேண்டி வந்தது என்று உம்மும்மா சொல்வார். "புது நேரமா, பழைய நேரமா?" என்று கேட்காமல் யாரும் யாரையும் சந்திக்கமாட்டார்களாம்.

விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகள் இந்த மாற்றத்தை ஏற்கவேயில்லை. 2002இல் ஏ-9 வீதி திறந்தபின் வாப்பா லொறியில் யாழ்ப்பாணத்துக்குச் சாமான் கொண்டுபோனவர். அந்த வீதி தொடங்குவது நம் கண்டியில்தானே. ஓமந்தையைக் கடந்ததும் கைக்கடிகாரத்தை அரை மணிநேரம் பின்னே திருப்புவாராம், வரும்போது முன்னே. ஒருமுறை மறந்துபோய், மாலையில் சோதனைச் சாவடி மூடிய பின் வந்துசேர்ந்து, லொறியிலேயே இரவைக் கழித்திருக்கிறார்.

தரவுத்தளத்தைப் பராமரிக்கும் போல் எகர்ட் 2006இல் எழுதிய குறிப்பு ஒன்று அதில் இப்போதும் உண்டு. அப்பகுதிகளில் வாழ்பவர்கள் தங்கள் கணினியில் கொழும்புக்குப் பதிலாக இந்தியாவின் கொல்கத்தா நேரத்தைத் தெரிவுசெய்யலாம் என்பது அதன் கருத்து. எங்கோ கலிபோர்னியாவில் இருக்கும் ஒருவர், வன்னியில் கணினி பாவிக்கும் ஒருவரையும் யோசித்திருக்கிறார். இதை வாப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதில ஓமந்தை இருக்கா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.